டெர்மினலில் வரும் மதர்போர்டு விவரம் கிரானில் காலியாக வருகிறது (ஷெல் ஸ்கிரிப்ட் உதவி)

லேப்_பொறுப்பு:
வணக்கம். எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் லேபில் எல்லா மெஷினிலும் உபுண்டுதான். மெஷின் பெயர், பிராசஸர், ரேம், டிஸ்க், மதர்போர்டு, சீரியல் நம்பர் எல்லாவற்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுகிற மாதிரி பேஷ் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருக்கேன். ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு வேணும். டெர்மினலில் சூடோ (அட்மின் உரிமையோட ஓட்டும் கமாண்ட்) போட்டு ஓட்டினால் எல்லாம் சரியாக வருது. தினமும் காலை 9 மணிக்குத் தானாக ஓடட்டும்னு கிரானில் போட்டேன். ஃபைல் உருவாகுது, ஆனா 'மதர்போர்டு:', 'சீரியல்:' இரண்டுக்கும் எதிரே ஒன்றும் இல்லை.

கூடவே, 4 ஜிபி ரேமில் 'காலி: 190 எம்பி'ன்னு காட்டுது. ஒரு பிரவுசர்தான் திறந்திருக்கு. ரேம் போயிடுச்சா?

கருந்திரை:
ஸ்கிரிப்டில் மதர்போர்டு விவரம் எடுக்கும் வரியின் கடைசியில் '2>/டெவ்/நல்' இருக்கா? அது எர்ரரைக் காட்டாமல் தூக்கி எறியும். இருந்தா முதலில் எடுங்க. வாயைப் பொத்திட்டு ஏன் பேசலன்னு கேட்டா எப்படி சார்? கிரான்டேப் (கிரான் வேலைகளின் பட்டியல்) வரியில் எர்ரரை ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, என்ன வருதுன்னு இங்கே போடுங்க.

லேப்_பொறுப்பு:
இருந்தது, எடுத்துட்டேன். லாகில் 'டிஎம்ஐடிகோட்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. மதர்போர்டு, சீரியல் எடுக்கத்தான் டிஎம்ஐடிகோட் போட்டிருக்கேன். டெர்மினலில் அதே கமாண்ட் ஓடுதே?

பைப்லைன்:
கிரான் உங்க டெர்மினல் செட்டிங் எதையும் படிக்காது. அதோட 'பாத்'தில் (கமாண்டைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) /யுஎஸ்ஆர்/பின், /பின் இரண்டும்தான் இருக்கும். டிஎம்ஐடிகோட் இருப்பது /யுஎஸ்ஆர்/எஸ்பின்னில். ஸ்கிரிப்டிலேயே முழுப் பாதையும் கொடுங்க. கொடுத்ததும் அடுத்து 'பெர்மிஷன் டினைட்' வரும், ஏன்னா அந்த கமாண்டுக்கு ரூட் (முழு உரிமை உள்ள அட்மின் யூசர்) வேணும்.

புதுவிசை:
சூடோயர்ஸ் ஃபைலில் (யார் சூடோ போடலாம்னு சொல்லும் ஃபைல்) பாஸ்வேர்ட் கேட்காத மாதிரி ஒரு வரி சேர்த்தா முடிஞ்சுது ப்ரோ.

கருந்திரை:
லேப் மெஷினில் அதைச் செய்யாதீங்க. பசங்க உட்காரும் அதே யூசருக்கு அந்த வரியைக் கொடுத்தா, எந்த அளவுக்குத் திறந்துவிட்டீங்கன்னு பிறகு நீங்களே மறந்துடுவீங்க. ரூட்டோட கிரான்டேபில் போடுங்க, 'சூடோ கிரான்டேப் -இ' போதும். அங்கேயும் பாத் சின்னதுதான், முழுப் பாதை கட்டாயம்.

இன்னொரு வழியும் இருக்கு. மதர்போர்டு பெயர், பயாஸ் வெர்ஷன் மட்டும் போதும்னா /சிஸ்/கிளாஸ்/டிஎம்ஐ/ஐடி ஃபோல்டரில் 'போர்டு_நேம்', 'பயாஸ்_வெர்ஷன்'னு தனித்தனி ஃபைலாக இருக்கு. சாதா யூசரே 'கேட்' (ஃபைலில் இருப்பதைக் காட்டும் கமாண்ட்) போட்டுப் படிக்கலாம். சீரியல் நம்பர் ஃபைல்களை மட்டும் ரூட்தான் படிக்க முடியும்.

பைப்லைன்:
ரேம் நல்லாத்தான் இருக்கும். 'ஃப்ரீ -எம்' வெளியீட்டை அப்படியே போடுங்க.

லேப்_பொறுப்பு:
டோட்டல் 3800, யூஸ்டு 1250, ஃப்ரீ 190, பஃப்/கேஷ் 2360, அவைலபிள் 2280. நான் ஆக் (awk) கமாண்டில் நாலாவது காலத்தை (column) எடுத்திருக்கேன், முதல் காலம் 'மெம்:' என்ற பெயர்.

பைப்லைன்:
அதேதான். நாலாவது, யாருமே தொடாமல் கிடக்கும் மெமரி. சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் டிஸ்கிலிருந்து படித்த ஃபைல்களை வைத்துக்கொள்ளும், புரோகிராம் கேட்டால் விட்டுக்கொடுக்கும். உங்களுக்கு வேண்டியது 2280. காலம் எண்ணாமல் /பிராக்/மெம்இன்ஃபோவில் 'மெம்அவைலபிள்' என்ற வரியைப் பெயரால் தேடி எடுங்க. பழைய ஃப்ரீ கமாண்டில் காலங்களே வேற மாதிரி இருக்கும், எண்ணி எடுத்தால் அங்கே தப்பான எண் வரும். அந்த வரி கெர்னல் 3.14 முதல் இருக்கு. எண் கேபியில் வரும், எம்பிக்கு 1024ஆல் வகுத்துக்குங்க.

லேப்_பொறுப்பு:
இரண்டும் சரியாயிடுச்சு. ரொம்ப நன்றி. டிஸ்க் மட்டும் கணக்கு இடிக்குது: மொத்தம் 219ஜி, பயன்படுத்தியது 61ஜி, மீதி 147ஜி. 11ஜி எங்கே?

புதுவிசை:
டிஸ்கை இஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்) ஆக ஃபார்மேட் பண்ணும்போதே 5 சதவீதத்தை ரூட்டுக்குன்னு ஒதுக்கி வைக்கும் ப்ரோ. 219ல 5 சதவீதம் ஏறக்குறைய 11. டிஸ்க் நிரம்பினாலும் சிஸ்டம் மூச்சுவிட அது வேணும். ரிப்போர்ட்டில் 'மீதி' காலத்தையே காட்டுங்க.

கருந்திரை:
சார், ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரில் இருக்கு? ரூட் கிரான் ஓட்டுற ஃபைலை சாதா யூசர் திருத்த முடிஞ்சா, 9 மணிக்கு அவன் எழுதியது ரூட்டாக ஓடும்.

லேப்_பொறுப்பு:
ஸ்டூடண்ட் லாகினோட ஹோம் ஃபோல்டரில்...

கருந்திரை:
உடனே /யுஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்னுக்கு நகர்த்துங்க. ஓனர் ரூட், பெர்மிஷன் 700 (ஓனர் மட்டும் படிக்க, எழுத, ஓட்டலாம்). கிரான்டேபிலும் புதுப் பாதையை மாத்துங்க.