குளத்தங்கரை குழு (நெல்லைப் பறவை பார்ப்போர்): மாசிக் கடைசிப் பறவைகள்

மார்ச் 1, ஞாயிறு

இசக்கி, காலை 6:48
கூந்தன்குளம், கீழக்கரை. வரித்தலை வாத்து 62. ஊசிவால் வாத்து நூறுக்கு மேல. தட்டைவாயன் 30 போல. நீலச்சிறகி எண்ண முடியல, கோரைக்குள்ள நிக்கு.

மைதீன், காலை 8:35
விஜயநாராயணம் பெரியகுளம். வரித்தலை 58. எல்லாம் தண்ணி ஓரத்துல படுத்துக் கெடக்கு.

இசக்கி, காலை 8:37
மொத்தம் 120 🔥🔥

சுடலை அண்ணாச்சி, காலை 8:41
கூட்டாதடே. நீ எண்ணினது 6:48, அவன் எண்ணினது 8:35. ராத்திரி பூரா அறுத்த வயல்ல மேயும், விடியக் குளத்துக்கு வரும், மாட்டுக்காரன் கரையேறினா அடுத்த குளத்துக்குப் போயிரும். இப்ப உன் குளத்துல எத்தனை நிக்கு?

இசக்கி, காலை 8:50
4 😐

சுடலை அண்ணாச்சி, காலை 8:51
62-ல 58 போனா 4. கணக்கு சரியாத்தான் இருக்கு.

ஜெபா டீச்சர், காலை 8:55
வரித்தலை வாத்துக்கு மட்டுமாவது இனிமே ரெண்டு குளத்துலயும் ஒரே நேரம் எண்ணுவோம். காலை 7:00 முதல் 7:10 வரை. 7:10-க்கு மேல பறந்து வந்த கூட்டத்தைத் தனியா எழுதுங்க: எந்தத் திசையில இருந்து, எத்தனை மணிக்கு. பிசான நெல் அறுப்பு நடக்குற நாள்ல இது ரொம்ப முக்கியம். எந்த வயல் அறுத்திருக்கோ அதுக்குப் பக்கத்துக் குளம்தான் அன்னைக்கு நிறையும்.

மைதீன், காலை 9:02
📷 படம்
டீச்சர், இதுல ஒண்ணுக்குக் கழுத்துல ஆராய்ச்சிக்காரங்க போடுற அடையாளப் பட்டை தெரியுது. எழுத்து படிக்க முடியல.

ஜெபா டீச்சர், காலை 9:04
ஸ்கோப் ஜூமை எத்தனையில வச்சிருக்கீங்க?

மைதீன், காலை 9:04
60

ஜெபா டீச்சர், காலை 9:07
25-க்கு இறக்குங்க. இந்த வெயில்ல உள்வாய் காய்ஞ்சு கானல் ஆடும். 60-ல வாத்தோட சேர்த்து கானலும் பெருசாகும், எழுத்து நெளியும். கிட்ட போகாதீங்க, எழும்பிட்டா இன்னைக்குத் திரும்பக் கிடைக்காது. அது கழுத்தைத் திருப்பத் திருப்ப 15, 20 படம் எடுங்க. பட்டை நிறம், எழுத்து நிறம் ரெண்டும் எழுதணும். எழுத்து பெரும்பாலும் கீழே இருந்து மேலே படிக்கிற மாதிரி இருக்கும். 8-ஐ B-ன்னும், பூஜ்யத்தை O-ன்னும் படிச்சுத்தான் பல பதிவு கெட்டுப்போகுது. சந்தேகமான எழுத்துக்குப் புள்ளி வையுங்க, ஊகிச்சு நிரப்ப வேண்டாம். மங்கோலியாவுல பட்டை போட்ட வாத்துகள் தென்னாட்டுக் குளங்கள்ல முன்னமே பதிவாகியிருக்கு.

சுடலை அண்ணாச்சி, காலை 9:10
கூட்டத்துல தலையில வரி இல்லாம பின்னங்கழுத்து மட்டும் கருஞ்சாம்பலா எத்தனை நிக்குன்னு பாரு மைதீனு. அது போன வருசம் பொரிச்ச குஞ்சு. அதைத் தனியா எழுதினா அங்க இனப்பெருக்கம் எப்படி நடந்திருக்குன்னு ஒரு அடையாளம் கிடைக்கும். சில குஞ்சுக்கு இந்நேரம் வரி லேசா வந்திருக்கும், கவனமாப் பாக்கணும்.

மைதீன், காலை 9:31
வரி இல்லாதது 9. பட்டை: பச்சை, வெள்ளை எழுத்து. முதல் எழுத்து தெரியல, அடுத்தது ரெண்டும் 7-ம் 1-ம் மாதிரி. புள்ளி, 7, 1-ன்னு போடுதேன்.

ஜெபா டீச்சர், காலை 9:32
👏 அப்படியே போடுங்க.

கோமதி அக்கா, காலை 9:40
மோட்டார் 10 மணிக்குப் போடுவாங்களாம், மேல்தொட்டி கழுவுறாங்க. தண்ணி பிடிச்சு வச்சுக்கோங்க.

கோமதி அக்கா, காலை 9:40
அய்யோ, தெருக் குரூப்புன்னு நெனச்சுட்டேன்

இசக்கி, காலை 9:46
📷 படம்
மறுகால் பக்கத்துச் சேத்துல. பொறி உள்ளானா, கிரீன் சாண்ட்பைப்பரா? மெர்லின் ஆப்ல ரெண்டும் காட்டுது.

சுடலை அண்ணாச்சி, காலை 9:50
முதுகைப் பாரு. வெள்ளைப் பொட்டு பெருசு பெருசா விழுந்திருக்கு, கண்ணுக்கு மேல வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால ஓடுது, காலு மஞ்சள் கலந்த பச்சை. பொறி உள்ளான். கிரீன்னா முதுகு கறுத்து, பொட்டு குறுணை மாதிரி இருக்கும். புருவம் கண்ணுக்கு முன்னாடியே நின்னுரும்.

சுடலை அண்ணாச்சி, காலை 9:52
எழும்பும்போது இன்னும் சுலுவு. கிரீனுக்கு இறக்கைக்கு அடியில கறுப்பு, இடுப்பு பளீர் வெள்ளை. பாத்தா கறுப்பு வெள்ளைத் துணியை உதறின மாதிரி இருக்கும். பொறி உள்ளானுக்கு அடி இறக்கை வெளிறிப் போயிருக்கும். ஆளும் அப்படித்தான்: கிரீன் மடை வாய்க்கால்ல ஒண்டியா நிக்கும், பொறி உள்ளான் கும்பலா நிக்கும்.

இசக்கி, காலை 9:53
படத்துல கூட நிக்கிற அந்த ஊசி மூக்கன்?

சுடலை அண்ணாச்சி, காலை 9:54
மார்ஷ் சாண்ட்பைப்பர். மூக்கு நேரா, தையல் ஊசி கணக்கா. பச்சைக்காலின்னா உடம்பு பெருசு, மூக்கு அடியில தடிச்சு நுனி கொஞ்சம் மேல தூக்கும்.

கோமதி அக்கா, காலை 10:15
எதிர்வீட்டுக்காரங்க புதுக் கொக்கு வந்திருக்குங்காங்க. முதுகு கருஞ்சிவப்பாம், தலையில வெள்ளை ரிப்பனாம்.

ஜெபா டீச்சர், காலை 10:17
மடையான்தான் அக்கா. வருசம் பூரா வாய்க்கால்ல நிக்கிற அதே குருட்டுக் கொக்கு. கூடு கட்டுற காலம் வந்தா இந்த உடுப்பு போட்டுக்கும். மூக்கோட அடிப்பக்கம் நீலமா, நுனி கறுப்பா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. இ-பேர்ட் பட்டியல்ல குறிப்புப் பகுதியில "இனப்பெருக்கச் சிறகு"ன்னு ஒரு வார்த்தை போட்டா போதும்.

ஜெபா டீச்சர், காலை 10:20
இந்த மாசம் நெறையப் பறவைக்கு உடை மாறுது. மீசை ஆலாவுக்குத் தலை முழுக்கக் கறுத்து வயிறும் கருஞ்சாம்பலாகும், நடுவுல கன்னம் மட்டும் வெள்ளை. கருவால் மூக்கனுக்குக் கழுத்து துருப்பிடிச்ச நிறம். பேதை உள்ளான் ஆண் திட்டுத்திட்டா நிக்கும், அதைப் பாத்துப் புது இனம்னு படம் போடாதீங்க. மஞ்சள் வாலாட்டியை உள்ளினம் வரைக்கும் பிரிக்கணும்னா இப்பதான் நேரம், தலை நிறம் தெளிவா வந்திருக்கும். டிசம்பர்ல சாம்பலா நின்னதை உள்ளினம் போட்டு எழுதினவங்க அதைத் திருத்தி வெறும் மஞ்சள் வாலாட்டின்னு மாத்திருங்க.

இசக்கி, காலை 10:22
நான்தான் 🙈 மாத்துறேன்

கோமதி அக்கா, மாலை 6:44
நயினார்குளம் பக்கம், மொட்டை மாடியில இருந்து. சூறைக்குருவி 5:52-ல இருந்து வர ஆரம்பிச்சது, 6:36-க்குக் கடைசிக் கூட்டம். 2,300 போட்டிருக்கேன். நூறு நூறா எண்ணினேன்.

சுடலை அண்ணாச்சி, மாலை 6:50
கூட்டம் ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்ப வருமே, அதை ரெண்டு தடவை எண்ணலியே?

கோமதி அக்கா, மாலை 6:52
இல்ல. செல்போன் டவரையும் கோயில் கோபுரத்தையும் கோடா வச்சுக்கிட்டேன். அதைத் தாண்டி உள்ள வந்தது மட்டும் கணக்கு. வெளிய போனா கழிச்சிட்டேன். நடுவுல ரெண்டு படம் எடுத்து, போன்லயே ஒவ்வொண்ணுக்கும் புள்ளி வச்சுப் பாத்தேன். நான் நூறுன்னு நெனச்ச கூட்டம் 130 இருந்துச்சு. குறைச்சுத்தான் எண்ணுதேன் போல.

ஜெபா டீச்சர், மாலை 6:55
பறக்குற கூட்டத்தைப் பெரும்பாலும் குறைச்சுத்தான் எண்ணுவோம். குறிப்புல அந்த 100-க்கு 130-ஐயும் எழுதிருங்க, எண்ணிக்கையை மாத்த வேண்டாம். ஒரே இனத்தை மட்டும் எண்ணினதால "முழுப் பட்டியலா?"ங்கிற கேள்விக்கு இல்லைன்னு போடணும்.

இசக்கி, மாலை 7:01
ஆண் குருவி ரொம்ப ரோஸா இருக்கே இப்போ? நவம்பர்ல அழுக்கா இருந்துச்சு.

சுடலை அண்ணாச்சி, மாலை 7:04
புதுச் சிறகு முளைக்கலடே. இருக்கற சிறகோட நுனியில தவிட்டு நிறக் கரை இருக்கும், அது தேய்ஞ்சு தேய்ஞ்சு உதிர, அடியில இருந்த ரோஸ் வெளிய வருது. சட்டை பழசாக ஆக இதுக்குப் பளபளப்பு கூடும்.

மார்ச் 2, திங்கள்

இசக்கி, காலை 7:40
📷 படம்
கூந்தன்குளம் ஊருக்குள்ள. புளியமரத்துக்கு அடியில நாரைக் குஞ்சு விழுந்து கெடக்கு. செங்கால் நாரைங்காங்க ஊர்ல.

ஜெபா டீச்சர், காலை 7:42
ஊர்ல சொல்ற பேர் அது. பட்டியல்ல மஞ்சள் மூக்கு நாரைன்னு போடுங்க, பெயின்டட் ஸ்டார்க். செங்கால் நாரைன்னு தேடினா ஒயிட் ஸ்டார்க் வந்து நிக்கும், அதை அழுத்திட்டா அபூர்வப் பதிவுன்னு விளக்கம் கேட்டு வரும். குஞ்சுக்கு ரத்தம் வருதா?

இசக்கி, காலை 7:43
இல்ல. மூச்சு வாங்குது. தண்ணி ஊத்தட்டா?

ஜெபா டீச்சர், காலை 7:44
வாயில ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல இறங்கிரும். சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம். மேல துணி போட்டு, இறக்கையை உடம்போட சேத்துப் பிடிச்சு, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில நிழல்ல வையுங்க. மூக்கு உங்க முகத்துக்கு நேரா வராம பாத்துக்கோங்க, கண்ணைத்தான் கொத்தும். பெட்டியை அப்படியே வனக் காவலர்கிட்ட கொடுத்திருங்க.

சுடலை அண்ணாச்சி, காலை 7:49
கூட்டுக்கு நேர் கீழ நின்னு படம் எடுக்க வந்தவன் யாரும் இருந்தா நகரச் சொல்லு. தாய் எழும்பினா காக்கா முட்டையைத் தூக்கும், மத்தியானம்னா வெயிலே குஞ்சைக் கொன்னுரும். அது நின்னுக்கிட்டு இறக்கையை விரிச்சு வச்சிருக்கே, குஞ்சுக்கு நிழல் அதுதான்.

இசக்கி, காலை 8:20
காவலர் வாங்கிட்டார் 👍

ஜெபா டீச்சர், இரவு 9:10
ஒரு விஷயம். அக்டோபர்ல எது முதல்ல வந்துச்சுன்னு 40 பேர் போட்டி போட்டு எழுதினோம். எது எப்போ போச்சுன்னு போன வருசப் பட்டியல்ல தேடினேன், பாதிக்கு மேல இல்ல. வாத்து குறைஞ்சதும் எல்லாரும் குளத்துக்குப் போறதையே நிறுத்திருக்கோம். கடைசியாப் பாத்த நாள் நிக்கணும்னா, அதுக்கு அப்புறம் போய் அது இல்லன்னு முழுப் பட்டியல் போட்டிருக்கணும். மூணு நாளைக்கு ஒரு தடவை, அதே இடம், அதே நேரம், 15 நிமிஷத்துக்குக் குறையாம.

சுடலை அண்ணாச்சி, இரவு 9:16
ஊசிவால், வரித்தலை முதல்ல காலி பண்ணும். நீலச்சிறகி இழுத்தடிக்கும். தகைவிலானும் பழுப்புக் கீச்சானும் சித்திரையைத் தொட்டுத்தான் போகும். கருவேலப் புதர்ல சக் சக்குன்னு ஒண்ணு கத்துமே, பிளித் நாணல் கதிர்க்குருவி, அது காதுக்கு மட்டும்தான் தெரியும். சத்தம் நின்ன நாளை எழுதுறவன் எவனும் இல்ல.

மார்ச் 5, வியாழன்

இசக்கி, காலை 7:00
கூந்தன்குளம் வரித்தலை 0. ஊசிவால் 11.

மைதீன், காலை 7:03
விஜயநாராயணம் 61.

மைதீன், காலை 7:14
பூனைப்பருந்து ஒண்ணு தாழ வந்துச்சு, வாத்து எல்லாம் எழும்பிட்டு. மத்த வாத்து திரும்ப உக்காந்துட்டு. வரித்தலை உக்காரல, வடக்க போகுது.

சுடலை அண்ணாச்சி, காலை 7:15
நேரம் எழுதிக்கோ. அரை மணி நில்லு.

மைதீன், காலை 7:46
வரல.

ஜெபா டீச்சர், காலை 7:47
நாளைக்கும் 7 மணிக்குப் போங்க மைதீன்.

மார்ச் 6, வெள்ளி

மைதீன், காலை 7:10
0

இசக்கி, காலை 7:11
இங்கயும் 0. பட்டியல் போட்டுட்டேன்.