மாசக் கட்டணத்துக்கு வக்கீல் வெச்சுக்கறது சின்ன யூனிட்டுக்குக் கட்டுபடி ஆகுங்களா?

குறிச்சி லேத்து:

வணக்கமுங்க. கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில பம்ப் ஷாஃப்ட் மெஷினிங் பண்றோம். மூணு சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மெஷின்), ரெண்டு பழைய லேத்து, ஆளுக 22 பேர். வக்கீல்னு தனியா யாரும் இல்லைங்க, எதுன்னாலும் ஆடிட்டரைத்தான் கேக்கறது.

புனே கம்பெனி ஒண்ணு எங்களுக்கு 6,40,000 ரூபாய் தரணும். ஏழு மாசமாச்சு. பர்ச்சேஸ்ல கேட்டா அக்கவுண்ட்ஸைக் கேளுங்கறாங்க, அக்கவுண்ட்ஸ்ல கேட்டா பர்ச்சேஸைக் கேளுங்கறாங்க. பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) பின்பக்கம் பொடி எழுத்துல "90 நாள் கிரெடிட், தகராறு வந்தா புனேயில் ஆர்பிட்ரேஷன்"னு, அதாவது கோர்ட்டுக்குப் போகாம நடுவர் வெச்சுத் தீர்த்துக்கணும்னு இருக்குது. கையெழுத்துப் போட்டப்ப நான் அதைப் படிக்கலை.

ரெண்டு பேரைப் பார்த்தேன். ஒரு வக்கீல் மாசம் 15,000, ஒரு வருஷ ஒப்பந்தம், எப்ப வேணா கூப்பிடுங்கன்னார். இன்னொருத்தர் மாசக் கட்டணமே வேண்டாம், வசூலாகறதுல 15 சதவீதம் போதும்னார். வீட்டுல, "வேலையே இல்லாத மாசத்துக்கும் எதுக்கு 15,000?"ன்னு கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலைங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கணபதி ஃபவுண்டரி:

தம்பி, நான் நாலு வருஷமா மாசக் கட்டணத்துல ஒரு வக்கீலம்மா வெச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி எனக்கு நடந்ததைச் சொல்றேன். 2,10,000 ரூபாய் செக் ஒண்ணு திரும்பி வந்துச்சு. "அடுத்த வாரம் போட்டுடறேன்க்கா"ன்னு பார்ட்டி சொன்னதை நம்பி இருந்துட்டேன். வக்கீலைத் தேடிப் போனப்ப 41-ஆவது நாள். செக் திரும்பின தகவல் கைக்கு வந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ் போயிருக்கணும்னார். மறுபடி பேங்க்ல போடலாம்னா செக்கோட மூணு மாச ஆயுசும் முடிஞ்சிருந்துது. ஒரு போன் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும். வக்கீல் ஆபீசுக்குப் போனா எவ்வளவு கேப்பாங்களோங்கற பயத்துலதான் பண்ணலை. அந்தப் பயத்தைப் போக்கத்தான் மாசக் கட்டணம் குடுக்கறேன்.

வெச்ச புதுசுல முதல் நாலு மாசத்துல ரெண்டே தடவைதான் கூப்பிட்டேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு கூச்சம். அப்புறம் வக்கீலம்மாவே, "கையெழுத்துக்கு முன்னாடி ஒவ்வொரு பிஓவையும் எனக்கு வாட்ஸ்அப்ல போடுங்க"ன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்: போன வருஷம் 19 பிஓ, ஷெட் வாடகை ஒப்பந்தம் ஒண்ணு, வேலையை விட்டு நின்ன சூப்பர்வைசர் விஷயத்துல ரெண்டு கடிதம், பாக்கி கேட்டு நாலு நோட்டீஸ். அந்த 19 பிஓவுல ஏழுல வரி மாத்தச் சொன்னாங்க. அஞ்சு பார்ட்டி மறுபேச்சில்லாம மாத்திக் குடுத்துட்டாங்க தம்பி! நாம கேக்காததுனாலதான் இத்தனை நாள் மாத்தாம இருந்திருக்காங்க.

ஒப்பந்தத்துல இதெல்லாம் எழுத்துல இருக்கோணும். மாசத்துக்கு எத்தனை நோட்டீஸ். எத்தனை நாளுக்குள்ள பதில். போனை எடுக்கறது அவரா, ஜூனியரா. கோர்ட்டுக்கு வந்தா தனி ஃபீஸ் எவ்வளவு. முதல்லயே ஒரு வருஷத்துக்கு ஒத்துக்காதே, மூணு மாசம் பாரு. விலகினா நம்ம ஃபைல் அத்தனையும் திரும்பி வந்துடணும்னு ஒரு வரி கட்டாயம்.

கறுப்புக் கோட்டு:

நான் வழக்கறிஞர். முதலில் அந்த 15 சதவீதம். வழக்கின் பலனைப் பொறுத்தோ, வரும் தொகையில் பங்காகவோ கட்டணம் பேசக்கூடாது என்பது வழக்கறிஞர்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி. அவர் வழக்கறிஞர் என்றால் அப்படிக் கேட்டதே தவறு. வழக்கறிஞர் இல்லை என்றால் உங்களுக்காகக் கோர்ட்டில் வாதாட அவருக்கு உரிமை இல்லை. மாசக் கட்டணத்துக்கு ஆலோசனை சொல்வதில் தடையில்லை. முழுநேரச் சம்பள ஊழியராகிவிட்டால்தான் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது.

இனி உங்கள் பாக்கி. உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இருக்கிறதா? சரக்கு போவதற்கு முன்பே எடுத்ததா? 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, எழுத்தில் எத்தனை நாள் ஒப்புக்கொண்டிருந்தாலும் வாங்கியவர் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. பிஓவில் உள்ள 90 நாள் செல்லாது. தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி. வாங்கியவர் புனேயில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் ஊர்க் கவுன்சிலில் (இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைத் தீர்க்க அந்தச் சட்டப்படி அமைந்த மன்றம்) மனுப் போடலாம். கோவையிலேயே வட்டாரக் கவுன்சில் இருக்கிறது. பிஓவில் ஆர்பிட்ரேஷன் வரி இருப்பது இதற்குத் தடையில்லை என்று 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கட்டணத்தைப் பற்றி ஒன்று. 15,000 என்றால் 15,000-த்தோடு நிற்காது. வழக்கறிஞர் சேவைக்கு ரிவர்ஸ் சார்ஜ் முறையில் ஜிஎஸ்டி 18 சதவீதத்தை நீங்களே கட்டி, பிறகு இன்புட் கிரெடிட்டாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுக்க வேண்டும். டிடிஎஸ், அதாவது கட்டணத்திலிருந்து வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பும் வரலாம். ஆடிட்டரிடம் சொல்லி வையுங்கள்.

டவுன்ஹால் ட்ரேடர்:

எனக்கு இது ஒத்துவரலைங்க. நான் வாங்கி விக்கறவன், கடையில நாலு பேரு. ட்ரேடருக்கு அந்த 45 நாள் சட்டமும் சேராது. வருஷத்துக்கு ரெண்டு ஒப்பந்தம் பார்க்கறதுக்கு மாசா மாசம் குடுக்க முடியுங்களா? வேலைக்கு இவ்வளவுன்னு பேசிக்கறேன். 22 பேரு வெச்சு, வெளியூருக்குச் சரக்கு அனுப்பறவங்க கணக்கு வேற, அதை நான் மறுக்கலை.

குறிச்சி லேத்து:

அக்கா, வக்கீல் சார், அண்ணா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. உத்யம் 2021-லயே எடுத்துட்டோம், ஆனா பில்லுல நம்பர் போடறதில்லை. இன்னிக்கே பில் ஃபார்மேட்டை மாத்தச் சொல்லிட்டேன். 15 சதவீதம் கேட்டவரை வேண்டாம்னு சொல்லியாச்சு.

15,000 கேட்டவர்கிட்டப் பேசினேன். மூணு மாசத்துக்கு ஒத்துக்கிட்டார். மாசம் மூணு நோட்டீஸ், பிஓவுக்கு ரெண்டு நாள்ல பதில், கவுன்சில் மனுவுக்குத் தனி ஃபீஸ், அதையும் எழுதித் தர்றேன்னார். அக்கா சொன்ன ஃபைல் வரியையும் சேர்க்கச் சொன்னேன். திங்கக்கிழமை புனே பிஓ, டெலிவரி சலான், அவங்க சரக்கு வாங்கிட்டதாப் போட்ட மெயில் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறேன். வீட்டுலயும் இந்தப் பதில்களைப் படிச்சுக் காட்டினேன். செக் கதையைக் கேட்டதும், "சரி, மூணு மாசம் பாருங்க"ன்னுட்டாங்க.