சர்வரில் ஏற்றினதும் லிங்க் வேலை செய்யல. மீயுரைன்னா லிங்க் மட்டும்தானா?

பொருநைக்கரை:
பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரை ஊர்களைப் பற்றி நாலு ஹெச்டிஎம்எல் பக்கம், நோட்பேடில் எழுதினது. வீட்டு விண்டோஸில் ஓடின ஒரு லிங்க், சர்வரில் 404 ('பக்கம் கிடைக்கல'ங்கிற பிழை) காட்டுது. இன்னொண்ணு பக்கத்தைத் திறக்குது, சேரன்மகாதேவி பகுதிக்குப் போகாம மேலேயே நிக்குது. இது வீட்டுலயும் அப்படித்தான்.

டவுன்வாசி:
அகராதியில் 'காண்க' என்று போட்டிருக்குமே, அதை நாம பக்கம் புரட்டித் தேடணும். அந்தப் புரட்டலை இயந்திரமே செய்தா அந்த உரை மீயுரை. லிங்க் அதன் மூட்டு மட்டும்தான். இதுக்கு இங்கிலீஷில் 'ஹைப்பர்டெக்ஸ்ட்'; அந்தச் சொல்லை 1965-ல் டெட் நெல்சன் என்ற அமெரிக்கர் கொண்டுவந்தார். இணைய வலை (வெப்) வந்தது அதுக்கு ரொம்பப் பிந்தி.

404-க்கு வாங்க. விண்டோஸ் ஃபைல் பேரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அது பார்க்கும். எல்லா ஃபைல் பேரையும் சின்ன எழுத்தாக்கி, ஹெச்ரெஃப்பிலும் (லிங்க் போகிற முகவரியை எழுதுற இடம்) அதையே போடுங்க. சர்வரில் பழைய ஃபைலை அழிச்சிட்டு ஏற்றுங்க, இல்லாட்டி ரெண்டும் கிடக்கும்.

சுலோச்சனமுதலிபாலம்:
ரெண்டாவது கோளாறு வேற சாதி. முகவரியில் ஹேஷ் குறிக்கு (#) பிந்தினது சர்வருக்குப் போகவே போகாது; பக்கம் வந்தபிறகு பிரவுசர்தான் அந்தப் பேருள்ள ஐடியை (பக்கத்துக்குள்ள ஒரு பகுதிக்கு வச்ச அடையாளப் பேர்) தேடும். கிடைக்கலன்னா 404 வராது, சத்தமில்லாம மேலேயே நிக்கும். ஐடிக்குள்ள இடைவெளி விட்டிருக்கீங்களா? கூடாது, அங்க சின்னக் கோடு (-) போடுங்க. தமிழ் எழுத்து தாராளமா வைக்கலாம். ஆனா 'பொருநை'யில் வர்ற ஒகரக் குறியை ஒரே குறியாவும் அடிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியா அடிச்சும் வரவழைக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், பிரவுசருக்கு ரெண்டு பேர். ஒரு இடத்தில் அடிச்சதை மற்ற இடத்தில் காப்பி-பேஸ்ட் பண்ணுங்க.

பொருநைக்கரை:
அண்ணாச்சி, இடைவெளி இல்ல. லிங்கில் சேரன்மகாதேவி, ஐடியில் சேரன்மாதேவி!

டவுன்வாசி:
ஊர்ப்பேரை ரெண்டு விதமா எழுதுற நம்ம ஊரில் இது நடக்கத்தான் செய்யும். தமிழில் ஐடி வச்சா லிங்கை அனுப்பும்போது நீளும், பயந்துராதீங்க. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். முகவரியில் ஒரு பைட்டுக்குச் சதவீதக் குறியோடு (%) 3 எழுத்து. 'நெல்லை'யில் 6 குறி (ந, கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி), அதனால 54 எழுத்து.