பாதத்தில் காய்ப்பு: பிளேடால் சீவலாமா?

கேள்வி (கடை ஊழியர்):
நான் ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். தளத்தில் செருப்பு அணிய அனுமதி இல்லாததால், நாள் முழுவதும் வெறுங்காலுடன் கல் தரையில் நிற்க வேண்டியிருக்கிறது. வலது பாதத்தில், இரண்டாம் விரலின் அடிப்பகுதியில், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குத் தோல் மஞ்சளாகித் தடித்துவிட்டது. பிளேடால் சீவிவிடுமாறு உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். அம்மா எருக்கம்பால் வைக்கச் சொல்கிறார். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. அம்மாவுக்கு உண்டு; அவருக்கும் குதிகாலில் இதேபோன்ற காய்ப்பு இருக்கிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1 (செவிலியர், தோல் சிகிச்சைப் பிரிவு):
சகோதரி, இரண்டுமே வேண்டாம். எருக்கம்பால் நல்ல தோலையும் சேர்த்துப் புண்ணாக்கிவிடும். பிளேடு சற்று ஆழமாகப் பட்டாலும் கிருமித்தொற்று வரும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது காய்ப்பாகத்தான் தெரிகிறது. கால் ஆணி என்றால் அளவில் சிறியதாகவும் நடுவில் கடினமான முனையோடும் இருக்கும். நேராக அழுத்தினால் சுருக்கென்று வலிக்கும். பக்கவாட்டில் கிள்ளும்போது வலித்து, உள்ளே கரும்புள்ளிகளும் தெரிந்தால், அது வைரஸால் வரும் மருவாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு.

காய்ப்புக்கு, இரவில் பாதத்தை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பியூமிஸ் கல்லால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, ஈரம் துடைத்தபின் யூரியா கலந்த களிம்பைப் பூசுங்கள். ஒரே நாளில் முழுவதையும் எடுத்துவிட முயல வேண்டாம். தோல் இளஞ்சிவப்பாகத் தெரியத் தொடங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

மறுமொழி 2 (சர்க்கரை நோயாளியின் மகன்):
உங்கள் அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், காய்ப்பின் அடியில் புண் உருவாகியிருப்பதே தெரியாமல் போய்விடும். கடையில் கிடைக்கும் ஆணி பிளாஸ்டரில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. அதை அவருக்கு ஒட்டவே கூடாது, வீட்டில் கல்லால் தேய்ப்பதும் வேண்டாம். சர்க்கரை நோய் மருத்துவரிடம் காட்டினால், மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் தந்தைக்கு எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தார்கள். தொழுநோயாளிகளின் பாதங்களைக் காப்பதற்காக வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் போன்றோர் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த மென்மையான ரப்பர் செருப்பு அது. காய்ப்புக் கருமையாகவோ ஈரமாகவோ இருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 3 (இயன்முறை மருத்துவர்):
எவ்வளவு தேய்த்தாலும், அழுத்தம் குறையாவிட்டால் காய்ப்பு திரும்ப வரும். ஏனெனில், ஓயாத அழுத்தத்திலிருந்தும் உராய்விலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் தோல் தடிக்கிறது. விரலில் மாட்டிக்கொள்ளும் சிலிக்கான் மெத்தை மருந்துக்கடைகளில் கிடைக்கும். அதன் தடித்த பகுதி காய்ப்பின் மீது அமராமல், அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக இருந்தால்தான் எலும்பின் மீது விழும் எடை குறையும். அதன்மேல் கனமான காலுறை அணிந்துகொள்ள அனுமதி கேளுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தமே வந்திருக்கிறது; வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. அழுத்திப் பார்த்தேன், சுருக்கென்ற வலி இல்லை, கரும்புள்ளியும் இல்லை. ஆனால், அம்மாவின் குதிகாலில் காய்ப்பின் ஓரம் வெடித்திருக்கிறது. தொட்டால் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. நாளை காலையே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.