ஸ்டாக்ஹோம் செல்ல உகந்த பருவம் எது? உறுப்பினர்களின் அனுபவங்கள்

ஸ்டாக்ஹோமில் வசிக்கும் உறுப்பினர்:

இங்கு வர நினைக்கும் உறவினர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "குளிர் எவ்வளவு இருக்கும்?" என்பதைத்தான். குளிரைக் கம்பளி உடை பார்த்துக்கொள்ளும். ஒரு பயணம் இனிதாக அமைவதைப் பெரும்பாலும் பகலின் நீளமே தீர்மானிக்கிறது என்பது இங்கே வாழ்ந்து நான் அறிந்தது. இந்நகரம் ஏறத்தாழ 59 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஜூன் மாதத்தின் பிற்பகுதியில் பகல் பதினெட்டரை மணி நேரம் நீள்கிறது. டிசம்பரிலோ அது ஆறு மணி நேரமாகச் சுருங்கி, பிற்பகல் 3 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. அந்நாட்களில் நண்பகலில் கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 7 பாகை அளவுக்கே எழுவதால், பழைய நகரமான காம்லா ஸ்டானின் குறுகிய தெருக்களில் வெயில் தரையைத் தொடுவதே இல்லை.

எனவே மே மாத நடுப்பகுதி முதல் ஜூன் இரண்டாம் வாரம் வரையான காலத்தையே நான் பரிந்துரைக்கிறேன். மே இங்கு மழை குறைந்த மாதங்களில் ஒன்று; உண்மையில் இந்நகரில் மழை மிகுவது கோடையின் நடுவில்தான். மே இறுதியில் லைலாக் செடிகள் பூத்துப் பூங்காக்கள் மணக்கும். இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருப்பதால், பகலில் வாசா கப்பல் அருங்காட்சியகத்தையும் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு, இரவு உணவுக்குப் பிறகும் நீர்க்கரையோரமாக நடக்கலாம். ஜூன் தொடக்கத்தில், பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்கள் வெள்ளைத் தொப்பி அணிந்து, இலைகளால் அலங்கரித்த லாரிகளில் ஆடிப் பாடி நகரைச் சுற்றி வருவார்கள். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையும் மே மாதத்தில் வருவது குடும்பத்துடன் வருவோருக்குக் கூடுதல் வசதி.

என் தாயார் வந்திருந்த ஒரு வசந்த காலத்தில், படிக்கட்டுகளிலும் இருக்கைகளிலும் மக்கள் கண்களை மூடி, முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி அசையாமல் அமர்ந்திருப்பதைக் கண்டு, "இவர்கள் எல்லோரும் பிரார்த்தனை செய்கிறார்களா?" என்று கேட்டார். அருகில் இருந்த சுவீடன் மூதாட்டியிடம் நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நவம்பரிலிருந்து இந்த வெயிலுக்காகவே காத்திருந்ததாகச் சொல்லி, தாயாருக்கும் தம் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். வெயிலை ஒதுங்கி நடக்க வேண்டிய ஒன்றாகவே அறிந்திருந்த என் தாயார் அன்று வெகுநேரம் அங்கே அமர்ந்திருந்தார்.

ஓர் எச்சரிக்கை. ஜூன் 19 முதல் 25 வரையான நாட்களில் வரும் வெள்ளிக்கிழமை, கோடை நடுநாள் விழாவின் முன்தினமாகக் கொண்டாடப்படுகிறது. நகரவாசிகள் பெரும்பாலோர் கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் சென்றுவிடுவதால் பல கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். அவ்வாரம் வருவோர் ஸ்கான்செனில் மலர்க்கம்பத்தைச் சுற்றி ஆடும் விழாவைக் காணத் திட்டமிட்டு வந்தால் மகிழ்வார்கள். கடைவீதிகளை நம்பி வந்தால் ஏமாற்றமே.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா கூறியுள்ள ஒளிக் கணக்கு சரியே. ஆயினும் இருளைக் காண்பதற்காகவே நாங்கள் டிசம்பரில் சென்றோம் என்பதையும், அதே மாதத்தை மற்றவர்களுக்கும் மனமாரப் பரிந்துரைப்பேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். பிற்பகலிலேயே இருட்டிவிடும் அந்நகரில் ஏறக்குறைய ஒவ்வொரு சன்னலிலும் விளக்குத் தண்டோ காகித நட்சத்திரமோ ஒளிர்கிறது. திரைச்சீலைகளை மூடாமல், தெருவில் போவோருக்கும் சேர்த்தே அவர்கள் விளக்கேற்றுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. டிசம்பர் 13 அன்று லூசியா விழா. வெள்ளை அங்கி அணிந்த சிறுமியர், முன்னால் செல்பவள் தலையில் மெழுகுவர்த்தி மகுடத்துடன் இருண்ட தேவாலயத்துக்குள் பாடிக்கொண்டே நுழைந்தபோது, என் அருகில் இருந்த முதியவர் தாமும் மெல்லிய குரலில் சேர்ந்து பாடினார். வெளியே வந்ததும் குங்குமப்பூ சேர்த்த பன் ஒன்றை என் மகளிடம் அவர் நீட்டினார். அதற்கு முன் எங்களுக்குள் ஒரு வார்த்தைப் பேச்சும் இல்லை.

டிசம்பர் 10 அன்று நோபல் பரிசளிப்பு விழா நடைபெறும் இசையரங்கத்தின் முன்னால் நின்றது எனக்குத் தனிப்பட்ட நிறைவைத் தந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1930 ஆம் ஆண்டிலும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009 ஆம் ஆண்டிலும் பரிசு பெற்ற இடம் அது.

குளிர்காலத்தில் நடைபாதையில் உறைபனி வழுக்கும். அடிப்பகுதி நன்கு பிடிக்கும் காலணி இல்லாமல் முதியோரை அழைத்துச் செல்லாதீர்கள். கூரைகளிலிருந்து பனிக்கட்டி விழக்கூடும் என்பதால் சில இடங்களில் நடைபாதையை மறித்துத் தடுப்பு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டிச் செல்லக் கூடாது. வாசா கப்பல் கூரையின் கீழ் இருப்பதால் அதற்குப் பருவம் தடையில்லை. 1628 இல் தன் முதல் பயணத்திலேயே மூழ்கி 1961 இல் மீட்கப்பட்ட அக்கப்பலை நாங்கள் நெரிசல் இன்றி, நின்று நிதானமாகப் பார்த்தோம்.

ஒஸ்லோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரத்தையே தெரிவு செய்வேன்; காரணம் தீவுகள். ஸ்டாக்ஹோமுக்குக் கிழக்கே கடலில் சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ 30,000 தீவுகளும் பாறைத் திட்டுகளும் பரந்து கிடக்கின்றன. நகரின் நடுவிலிருந்தே படகு ஏறலாம். ஆகஸ்ட் நடுவில் பாடசாலைகள் தொடங்கிவிடுவதால் கூட்டம் குறைந்துவிடும். கோடை முழுவதும் வெயில் பட்ட நீரில் இன்னும் குளிக்க முடியும். கிரிண்டா தீவின் காட்டுப் பாதையில் கூடையுடன் வந்த தம்பதியர், தாங்கள் பறித்த மஞ்சள் நிறக் காளான்களை எங்களுக்குக் காட்டி, எவற்றைத் தொடக் கூடாது என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். பிறருக்குச் சொந்தமான காட்டிலும், வீட்டு வளவுக்குள் நுழையாமலும் சேதம் விளைவிக்காமலும் நடந்து, காட்டுப் பழங்களையும் காளான்களையும் பறிக்க அந்நாட்டில் எல்லோருக்கும் உரிமை உண்டு. கோடை அட்டவணை முடிந்தபின் படகுகள் குறைந்துவிடும் என்பதால், திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு அறிந்த பின்னரே தீவில் இறங்குங்கள்.

ஸ்டாக்ஹோமில் வசிக்கும் உறுப்பினர்:

சென்னை அம்மையாரின் பதிவை வாசித்த பின், டிசம்பரையும் தயக்கமின்றிச் சேர்த்துக்கொள்கிறேன். நவம்பரை மட்டும் தவிருங்கள்: இலைகள் உதிர்ந்து, மழையும் மேகமும் சூழ்ந்து, சன்னல் விளக்குகளும் பெரும்பாலும் ஏற்றப்படாத மாதம் அது. துருவ ஒளியைக் காண வேண்டும் என்பதற்காக ஸ்டாக்ஹோமைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இங்கு அது அரிதாகவே தென்படும், அதைக் காண நாட்டின் வடக்கே கிரூனா, அபிஸ்கோ வரை செல்ல வேண்டும். மே, ஜூன் மாதங்களில் வருவோர் விசா விண்ணப்பத்தைப் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடலாம். சுவீடன் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்க விதி இடமளிக்கிறது.