ஆர்எஃப்சி எழுதும் கூட்டத்தில் ஓட்டெடுப்பே கிடையாதாமே, அப்புறம் எப்படி முடிவு செய்கிறார்கள்?

கிளிஞ்சல்_03 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்கிறேன். கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு. மாலையில் மாமாவின் பிராட்பேண்ட் கடையில் வேலை: கேபிள் இழுப்பது, ரூட்டர் மாட்டுவது, 'நெட் வரலை' என்று போன் வந்தால் ஓடுவது.

டிசிபி (இணையத்தில் தரவு ஒழுங்காகப் போய்ச் சேருவதற்கான விதிமுறை) பாடம் நடத்தும்போது சார், 'இதெல்லாம் கமிட்டி முடிவு பண்ணினது, மனப்பாடம் பண்ணிக்கோ' என்றார். எந்தக் கமிட்டி என்று கேட்டேன். 'ஐஇடிஎஃப்' என்று போர்டில் எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து தேடினால், அது இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் குழுவாம், ஆர்எஃப்சி என்பது அவர்கள் வெளியிடும் ஆவணமாம்; அங்கே உறுப்பினர் அட்டை கிடையாது, ஓட்டு கிடையாது, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகி முடிவெடுக்கிறார்கள் என்று போட்டிருக்கிறது. இது ஏப்ரல் 1 விளையாட்டா, நிஜமா? நிஜம் என்றால் அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது? கலந்துகொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள். விக்கிபீடியா லிங்க் வேண்டாம், படித்துவிட்டேன்.

பழைய_வண்ணை எழுதியது:

முனகல் நிஜம்தான் தம்பி. ஏப்ரல் 1 விளையாட்டும் நிஜம். 1990-இல் புறாவின் காலில் பாக்கெட்டைக் கட்டி அனுப்பும் முறைக்கு ஆர்எஃப்சி 1149 எழுதியவர்கள் அவர்கள். நம் பக்கத்து மாடிகளில் பந்தயப் புறா வளர்க்கிறவர்கள் படித்தால் பத்துத் திருத்தமாவது சொல்வார்கள்.

நான் தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்துத் தரங்கள் வேறு மாதிரிக் கூட்டத்தில் பிறந்தவை. நாட்டுக்கு ஒரு தூதுக்குழு, கோட்டு, டை. உலகத் தொலைபேசித் தரங்களை வகுத்த அந்த அமைப்புக்குச் சிசிஐடிடி என்று பெயர், 1993-இலிருந்து ஐடியு-டி. அங்கே ஏடிஎம் செல்லுக்குள் (பணம் எடுக்கிற ஏடிஎம் இல்லை, தரவைச் சம அளவுத் துண்டுகளாக அனுப்பும் முறை; ஒரு துண்டுதான் செல்) எத்தனை பைட் தரவு என்று சண்டை வந்தது. அமெரிக்கப் பக்கம் 64 கேட்டது, ஐரோப்பியப் பக்கம் 32. குரலை 64 கிலோபிட்டில் அனுப்பினால் 32 பைட் நிரம்ப 4 மில்லிநொடி, 64 நிரம்ப 8. தாமதம் கூடினால் எதிரொலி கேட்கும், அதை அடக்கத் தனிக் கருவி வைக்க வேண்டும். பிரான்ஸ் அளவு நாட்டில் அந்தச் செலவு இல்லாமலே ஓட்டலாம், அவர்கள் ஏன் விடுவார்கள்? கடைசியில் 48. செல்லின் தலைப்புப் பகுதி 5 பைட் சேர்த்து 53. இரண்டு பக்கமும் கேட்காத எண். கூட்டிப் பாதியாக்கிய எண். பரீட்சையில் 53 ஏன் என்று கேட்டால் இதை எழுதாதே, மார்க் கிடைக்காது.

கல்மண்டபம் எழுதியது:

கிளிஞ்சல், நான் ராயபுரம். நெட்வொர்க் மென்பொருளில் 17 வருடம். ஐஇடிஎஃப்புக்கு நேரில் போனது ஒரே தடவை, 2025 மார்ச்சில் பாங்காக் கூட்டம். மற்றதெல்லாம் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையிலிருந்துதான்.

அறையைக் கேட்டாய். ஹோட்டல் கல்யாண ஹால் மாதிரி. வரிசையாக நாற்காலி, எல்லார் மடியிலும் லேப்டாப், நடுப்பாதையில் ஒரு மைக். முன்னால் பணிக்குழுத் தலைவர்கள் இரண்டு பேர். முதல் ஸ்லைடு எப்போதும் ஒன்றுதான்: இங்கே பேசுவது எல்லாம் பதிவாகும், பேசுகிற விஷயத்தில் உனக்கோ உன் கம்பெனிக்கோ காப்புரிமை இருப்பது தெரிந்தால் சொல்லிவிட வேண்டும். அடுத்து 'குறிப்பெடுக்க யார் வருகிறீர்கள்?' என்று கேட்பார்கள். விருந்து முடிந்ததும் பாத்திரம் யார் தேய்ப்பது என்று கேட்டால் நம் வீட்டில் ஒரு மௌனம் வருமே, அதே மௌனம். ஒருவர் சிக்கும்வரை கூட்டம் நகராது.

பிறகு பத்துப் பத்து நிமிடமாக டிராஃப்ட்டுகள். பாடம் நடத்துவது கிடையாது, எல்லாரும் படித்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 'எத்தனை பேர் படித்தீர்கள்?' என்று தலைவர் கேட்டதும் எழும் கைகளை எண்ணினால் சிரிப்பு வரும். ஆனால் அந்த நாலைந்து பேர் வரிக்கு வரி படித்தவர்கள். மைக் வரிசையில் நின்று, பெயரைச் சொல்லி, பக்கத்தைச் சொல்லி, 'இங்கே உடையும்' என்பார்கள்.

முனகலுக்கு வருகிறேன். 1992 ஜூலையில் கேம்பிரிட்ஜில், மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ், இணைய முன்னோடி டேவிட் கிளார்க் பேசியதுதான் இன்றும் வேதவாக்கு: ராஜா வேண்டாம், ஜனாதிபதி வேண்டாம், ஓட்டும் வேண்டாம்; எங்களுக்குத் தோராயமான இணக்கமும் ஓடுகிற நிரலும் போதும். உறுப்பினர் பட்டியலே இல்லாத இடத்தில் ஓட்டை எதை வைத்து எண்ணுவது? அதனால் தலைவர் 'இது சரி என்கிறவர்கள் முனகுங்கள்' என்பார், அப்புறம் 'சரியில்லை என்கிறவர்கள்' என்பார். யார் முனகினார், யார் முதலாளி என்று தெரியாது. ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் மெல்லவும் கேட்டால், அந்த மெல்லிய பக்கத்தைத்தான் தலைவர் எழுப்பிக் கேட்க வேண்டும், 'என்ன பிரச்சினை, சொல்லுங்கள்' என்று. முடிவு அப்போதும் வராது. ஊருக்கு வர முடியாதவர்களும் பார்ப்பதற்காக மெயிலிங் லிஸ்டில் போட்டு உறுதி செய்த பிறகுதான். 1998-இன் ஆர்எஃப்சி 2418 சொல்கிறது: 51 சதவீதம் தோராய இணக்கம் ஆகாது, 99 சதவீதம் தோராயத்தைவிட மேல். நடுவில் எங்கே கோடு என்று எழுதவில்லை. வேண்டுமென்றேதான்.

என் கதை ஒன்று. 2019 ஜூலை, மான்ட்ரியல் கூட்டம். அங்கே மாலை நாலு அடிக்கப் போகிறது, இங்கே இரவு ஒன்றரை. அந்த வருடத் தண்ணீர்ப் பஞ்சம் உனக்கு நினைவிருக்கும். லாரி எப்போது வரும் என்று தெரியாது, கீழே வாசலில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். எடுத்துக்கொண்ட டிராஃப்ட், வீட்டுப் பெட்டி (ரூட்டர் மாதிரி) உயிர் பெற்றதும் சர்வரிடம் தன் விவரங்களைக் கேட்டு வாங்கும் முறை பற்றியது. பெட்டி ஆன் ஆன உடனே கேட்கலாம், பதில் இல்லையென்றால் ஒரு நொடியில் திரும்பக் கேட்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் தெருவில் கரண்ட் போய்த் திரும்பினால் எல்லா வீட்டுப் பெட்டியும் ஒரே நொடியில் எழும். லாரி வந்ததும் மொத்தத் தெருவும் ஒரே குழாய்க்குப் பாய்கிற மாதிரி, அத்தனையும் ஒரே சர்வர் மேல் விழும். சர்வர் திணறும், பதில் வராது, அடுத்த நொடி எல்லாம் மறுபடி கேட்கும். இதே காரணத்துக்காகத்தான் 1997-இலேயே, சாதனங்களுக்கு இணைய முகவரி வழங்கும் டிஎச்சிபி தரத்தில், ஆர்எஃப்சி 2131, தொடங்கும்போது 1 முதல் 10 நொடி வரை ஏதோ ஒரு அளவு காத்திருந்து கேள் என்று போட்டார்கள். புது டிராஃப்ட்டில் அது விடுபட்டிருந்தது.

அப்போதெல்லாம் தூரத்தில் இருப்பவர்கள் அரட்டை அறையில் 'மைக்:' என்று தொடங்கித் தட்டினால், அங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்துபோய் வரிசையில் நின்று நமக்காகப் படிப்பார். தட்டினேன். என் எழுத்துப்பிழையோடு சேர்த்துப் படித்தார். டிராஃப்ட் எழுதியவர் கேட்டார், ஒரு பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் இழப்பது எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று. 'மைக்: இன்று இரண்டு தடவை' என்று தட்டினேன். அறை சிரித்தது. 'லிஸ்டுக்கு எடுத்துப் போவோம்' என்றார் தலைவர். அந்த நேரம் பார்த்து லாரி வந்துவிட்டது, ஓடினேன்.

திரும்பி வந்தபோது கூட்டம் முடிந்திருந்தது. அடுத்த மூன்று வாரம் லிஸ்டில் வாதம். சண்டை எல்லாம் காத்திருப்பது 'மஸ்ட்'டா 'ஷுட்'டா என்பதில். மஸ்ட் என்றால் செய்தே ஆக வேண்டும். ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால் விடலாம், விளைவு தெரிந்து விட வேண்டும். ஆர்எஃப்சி 2119-இல் இதற்கே தனி இலக்கணம் உண்டு, முதலில் அதைப் படி, சின்னதுதான். நான் மஸ்ட் கேட்டேன். கிடைத்தது ஷுட். பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம் சேர்த்தார்கள்: பெரிய மின்தடைக்குப் பிறகு எல்லாச் சாதனமும் சேர்ந்து எழும் என்று. அந்த வரி எங்கள் தெரு. என் பெயர் நன்றி சொல்லும் பத்தியில், தவறான எழுத்தில்.

வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் இரவில் எழுதுவது இந்தத் தொழிலின் ஆதி வழக்கம். 1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் ஆர்எஃப்சி 1-ஐ நண்பர்கள் வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்துதான் எழுதினார். நமக்கு மொட்டை மாடியாவது இருக்கிறது.

கிளிஞ்சல்_03 எழுதியது:

அக்கா, 'அந்த வரி எங்கள் தெரு' என்பதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். கரண்ட் வந்தால் நம் கடை போனும் அப்படித்தான் அடிக்குது என்றார்.

எங்கள் ஊர்க்கூட்டமும் கிட்டத்தட்ட இதுதான். கோயில் முன்னால் உட்காருவோம், கை தூக்கி எண்ணுவது கிடையாது. பெரியவர் 'வேற யாருக்காவது பேச்சு இருக்கா?' என்பார். ஒருத்தர் முறுக்கிக்கொண்டு நின்றால் அவரை உட்கார வைத்துப் பேசுவார்கள். ஆனால் விசைப்படகு வைத்திருக்கிறவர் பேச்சுக்குத் தனி மரியாதை உண்டு. அங்கே பெரிய கம்பெனிக்காரர்கள் நூறு பேரை இறக்கினால்?

கல்மண்டபம் எழுதியது:

நல்ல இடத்தில் கேட்டாய். 2014-இன் ஆர்எஃப்சி 7282-இல் ஒரு தலைப்பே இருக்கிறது: ஆதரவு ஐந்து பேர், எதிர்ப்பு நூறு பேர், அப்போதும் தோராய இணக்கம் இருக்கலாம் என்று. நூறு பேரும் காரணம் இல்லாமல் ஒரே குரலில் 'வேண்டாம்' என்றால் அது ஒரு மறுப்புகூட இல்லை. ஒரே ஒருவர் சொன்ன குறைக்குப் பதில் இல்லையென்றால் இணக்கம் வரவில்லை என்று பொருள்.

ஏட்டில் அப்படி. நடப்பில் விசைப்படகு அங்கேயும் உண்டு. பல தலைவர்களுக்குச் சம்பளம் தருவது பெரிய கம்பெனிகள்தான். வருடத்துக்கு மூன்று கூட்டம், மூன்று கண்டம், விமானம், ஹோட்டல். சில விவாதங்களில் நியாயம் ஜெயிப்பதில்லை, சளைக்காமல் மெயில் போடுகிறவர் ஜெயிக்கிறார். இணைய இணைப்பை ரகசியமாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.3 தெரியுமா? 2014-இல் தொடங்கி 28 டிராஃப்ட் தாண்டி 2018 ஆகஸ்டில்தான் ஆர்எஃப்சி 8446 ஆனது. நாலு வருடம் வேறு வேலை பார்த்துக்கொண்டு இதைத் தொடர்வது யாருக்கு முடியும்?

பாங்காக்கில் நான் பார்த்தது, பாதி வேலை நடைபாதையில் காபிக் கோப்பையோடு நடக்கிறது. 1989-இல் பிஜிபி (வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) பிறந்ததும் ஒரு ஐஇடிஎஃப் கூட்டத்து மதியச் சாப்பாட்டில்தான். கிர்க் லாகீடும் யாக்கவ் ரெக்டரும் கை துடைக்கும் காகிதத்தில் வரைந்தார்கள். இன்று உன் மாமா கடை இணைப்பும் கடைசியில் அதன் மேல்தான் ஓடுகிறது. ஆனால் அந்த மேசையில் உட்கார டிக்கெட் வாங்க வேண்டும், அதை மறைக்க விரும்பவில்லை. லிஸ்டுக்குக் காசு கிடையாது. தூரத்திலிருந்து கலந்துகொள்ளக் கட்டணம் உண்டு, முடியாதவர்கள் தள்ளுபடி கேட்கலாம்.

லோகோ_ஒர்க்ஸ் எழுதியது:

முனகல் ஐஇடிஎஃப் வீட்டு வழக்கம், எல்லா இடத்திலும் இல்லை. ஈதர்நெட்டும் வைஃபையும் ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் 802 குழுக்களில் வருபவை, 1980 பிப்ரவரியில் தொடங்கியது. அங்கே ஓட்டு உண்டு, தொழில்நுட்பத் தீர்மானத்துக்கு 75 சதவீதம் வேண்டும். ஓட்டு தனி ஆளுக்கு, கம்பெனிக்கு இல்லை. தொடர்ந்து கூட்டத்துக்கு வந்தால்தான் கிடைக்கும், வராவிட்டால் போய்விடும். எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர் எதை மாற்றினால் ஆதரிப்பேன் என்று எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் குழு விரிதாளில் பதில் எழுத வேண்டும். பெரம்பூரில் ரேஷன் அட்டை திருத்தியவனுக்கு அந்த விரிதாள் பழகியது போலவே இருக்கும்.

கிளிஞ்சல்_03 எழுதியது:

நேற்று இரவு ஒரு பணிக்குழு லிஸ்டில் சேர்ந்தேன். காலையில் 41 மெயில். அதில் 30-க்கு மேல் ஒரே ஒரு கமாவைப் பற்றி. மீதியில் நாலு பேர் வெறும் '+1' என்று போட்டிருக்கிறார்கள். அது என்ன அக்கா?

கல்மண்டபம் எழுதியது:

'எனக்கும் சம்மதம்' என்று அர்த்தம். காரணம் இல்லாத சம்மதம், தலைவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார், நீ அப்படிப் போடாதே. அந்தக் கமா மஸ்ட்டுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னாலா? பார்த்துச் சொல்.