கொட்டாங்குச்சிக் கரி சாயக் கழிவைச் சுத்தம் செய்யுமா?

தென்னந்தோப்பு: கொட்டாங்குச்சியில் செய்த கரியைப் போட்டால் திருப்பூர்ச் சாயக் கழிவில் 98 சதவீத நிறம் போய்விடும். கல்லூரி ஆய்வகத்தில் நானே பார்த்தேன். கோடிக்கணக்கில் இயந்திரம் எதற்கு?

சாயக்காரன்: எந்தச் சாயத்தில் பார்த்தீர்கள்?

தென்னந்தோப்பு: மெத்திலீன் நீலம்.

சாயக்காரன்: நினைத்தேன்! பனியனுக்கு எவன் மெத்திலீன் நீலம் போடுகிறான்? அது நேர்மின் சாயம், மூலக்கூறும் பொடிசு, எந்தக் கரியிலும் ஒட்டும். நாங்கள் பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம், எதிர்மின். அதில் ரியாக்டிவ் பிளாக் 5 என்ற கருப்புச் சாயத்தின் மூலக்கூறு மெத்திலீன் நீலத்தைப்போல மூன்று மடங்கு கனம். கொட்டாங்குச்சிக் கரியில் பெரும்பாலும் நுண்துளைதான். ஊசிக் காதில் தாம்புக்கயிறு நுழையுமா?

கரிவாத்தியார்: தண்ணீரை அமிலப் பக்கம் கொண்டுபோனால் ரியாக்டிவ் சாயமும் ஓரளவு பிடிக்கும். ஒரு கிராம் கரிக்கு 1000 சதுர மீட்டர் பரப்பு வருகிறது, தெரியுமா?

சாயக்காரன்: பரப்பு இருந்தென்ன, உள்ளே போக வழி வேண்டாமா? வின்ச் என்கிற சாய இயந்திரத்தில் வடித்த கருப்புத் தண்ணீர் ஒரு லிட்டரில் இரண்டு கைப்பிடி கரி போட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் வெள்ளைத் துணியை முக்கினால் சாம்பல் நிறம்.

கரிவாத்தியார்: இரண்டு கைப்பிடி என்பது அளவா? தராசு இல்லையா உங்கள் பட்டறையில்?

நாகர்கோவிலான்: அது கொட்டாங்குச்சி இல்லை, சிரட்டை.

சாயக்காரன்: எங்கள் ஊரில் தொட்டி. எந்தப் பேர் வைத்தாலும் மெத்திலீன் நீலம்தான் ஒட்டும்.

நொய்யல்கரை: நிறத்தையே பேசுகிறீர்கள், உப்பு? துணியில் சாயம் ஏற நீங்கள் கொட்டுகிற உப்பைக் கரி தொடாது. 1992இல் பாசனத்துக்கு நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் உங்கள் கழிவுதான் தேங்கியது. 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது சும்மாவா?

சாயக்காரன்: ஆரம்பித்துவிட்டீர்களா! அதற்குத்தான் உப்பைப் பிரிக்கிற ஆர்ஓ சவ்வும் ஆவியாக்கியும் வைத்து வட்டி கட்டுகிறோம். கேள்வி மெத்திலீன் நீலம் பற்றி.

நொய்யல்கரை: என் கிணற்றைப் பற்றி யார் கேட்பது?

தென்னந்தோப்பு: யார் என்ன சொன்னாலும் என் குடுவையில் நிறம் போனது போனதுதான்.

சாயக்காரன்: எந்தக் குடுவை? மெத்திலீன் நீலம் ஊற்றிய குடுவைதானே?

நாகர்கோவிலான்: சிரட்டை.